15 மீட்டர் கேமராவை 18 மீட்டருக்கு விற்கிறார்கள்: டெல்டா பக்கம் டைவிங் கேமரா வாங்குகிறவர்கள் கவனிக்க

தஞ்சாவூர்க் கடை ஒன்றில் புதுசு என்று சொல்லி 38,000 ரூபாய்க்கு விற்ற ஒலிம்பஸ் டிஜி-6 கேமரா, பாண்டிச்சேரியில் முதல் டைவிலேயே தண்ணீர் குடித்துவிட்டது. கடைப் பெயர் வேண்டாம். விற்ற விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும், அந்த வசனம் எந்த ஊர்க் கடையிலும் வரும்.

டிஜி-6 வெறும் உடம்போடு தாங்குவது 15 மீட்டர். ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் சான்றிதழ் வாங்கியவர் இறங்குவது 18 மீட்டர் வரை. இதைக் கேட்டதும் கடையில் வந்த பதில்: “மூணு மீட்டர்ல என்னண்ணே ஆயிடப் போவுது? கம்பெனிக்காரன் எப்பவும் கம்மியாத்தான் போடுவான்.” இதே மாடலுக்கு ஒலிம்பஸே 45 மீட்டர் தாங்கும் பிடி-059 ஹவுசிங் (கேமராவை உள்ளே வைத்து மூடும் தண்ணீர் புகாத கூடு) போட்டிருக்கிறது. அது வீண் செலவு என்றார்கள். அதற்குப் பதிலாக லென்ஸ் முன்னால் மாட்டும் ஒரு சிவப்பு ஃபில்டரைத் தலையில் கட்டினார்கள்.

பத்து மீட்டருக்கு ஓர் வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் மேலே இருப்பதைப் போல 2.8 மடங்கு. அதைத் தடுத்து நிற்பது பேட்டரி மூடியிலும் கேபிள் மூடியிலும் உள்ள மெல்லிய ரப்பர் விளிம்பு மட்டும்தான். பெட்டியில் போட்ட எண் சுத்தமான, புது ரப்பருக்கு உரியது. இந்தக் கேமராவின் பேட்டரி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது ரப்பரில் நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு, பக்கத்தில் ரப்பருக்குள்ளேயே பதிந்துபோன மூன்று மணல் துகள்கள். ஒரு டைவில் மணல் அப்படிப் பதியாது. காலி கார்டு போட்டு எடுத்த முதல் படத்தின் கோப்பு எண்ணே ஆறாயிரத்துக்கு மேல். ஆக, யாரோ கடலுக்குக் கொண்டுபோன கேமரா. (எண் 1-ல் தொடங்கினாலும் நம்பிவிடாதீர்கள், மெனுவில் ரீசெட் செய்துவிடலாம்.)

பில் கேட்டால் கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட சீட்டு. அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். முறையான பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடையென்றால் 33-ல் தொடங்கும், காரைக்கால் கடையென்றால் 34. இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், எம்ஆர்பி ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் குருவி கொண்டுவந்த சரக்காக இருக்கலாம், இங்கே வாரண்டியை எதிர்பார்க்காதீர்கள். பெட்டி, கேமரா, பில் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

ஆக்‌ஷன் கேமராவிலும் இதே கண்கட்டுதான். கோப்ரோ ஹீரோ 12 ஹவுசிங் இல்லாமல் 10 மீட்டர்தான், டிஜேஐ ஆக்‌ஷன் 4 என்றால் 18. இரண்டும் 60 மீட்டர் போவது டைவ் ஹவுசிங்குக்குள். விளம்பரத்தில் அந்த 60 மட்டும் பெரிதாக நிற்கும். பெயரில்லாத கண்ணாடிப் பெட்டி ஹவுசிங்கில் பட்டன் ஸ்பிரிங் பலமில்லாமல் இருக்கும். ஆழத்தில் தண்ணீரே பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், ரெக்கார்டிங் நிற்காது. போனுக்கு விற்கும் பிளாஸ்டிக் பை படகில் உட்கார்ந்து படமெடுக்க மட்டும்.

ஹவுசிங் வாங்கினால் முதலில் கேமரா வைக்காமல், உள்ளே டிஷ்யூ பேப்பர் மடித்துப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி அமுக்கி வையுங்கள். பேப்பர் காய்ந்திருந்தால் முதல் டைவிலும் வெறும் ஹவுசிங்கையே கொண்டுபோங்கள். நிறையக் கசிவு முதல் இரண்டு மீட்டரிலேயே தெரிந்துவிடும். ஆழம் போகப் போக ஓ-ரிங் (மூடி விளிம்பில் உள்ள ரப்பர் வளையம்) அழுந்தி இறுகும். ஒரு தலைமுடி போதும் கெடுக்க. கிரீஸ் ஹவுசிங் கம்பெனி கொடுப்பதையே தடவுங்கள், பளபளப்பு தெரிகிற அளவுக்கு. அப்பித் தடவினால் மணல்தான் ஒட்டும்.

நாகை, வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று. டைவ் முடிந்து ஊறப்போடும் தண்ணீர் போர் தண்ணீராக இருக்கவே கூடாது. உப்புத்தண்ணியை உப்புத்தண்ணியில் கழுவினால் பட்டன் இடுக்கில் உப்பு காய்ந்து கட்டிவிடும். கேன் தண்ணீர் ஊற்றுங்கள், மூடியபடியே ஊறட்டும், அதிலேயே எல்லாப் பட்டனையும் அமுக்கிவிடுங்கள். ஹவுசிங்கைக் கடற்கரைக் காற்றில் மூடாமல் முந்தின இரவே ஏசி அறையில் மூடுங்கள், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். இல்லையென்றால் தண்ணீரில் இறங்கியதும் கண்ணாடியில் பனி மூட்டம்.

அந்தச் சிவப்பு ஃபில்டர்? வெயில் நன்றாக இறங்கும் அந்தமானின் நீலத் தண்ணீருக்குச் சரி. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஆற்று வண்டல் கலந்து கலங்கிக் கிடக்கும் நம் கரையில் அது வெளிச்சத்தைத் தின்று படத்தை இருட்டாக்கும். ஒரு முழம் தூரத்துக்கு நெருங்குங்கள், கேமராவின் ஃபிளாஷை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் கைநீட்டிப் பிடித்த வீடியோ லைட் வையுங்கள். ஃபிளாஷ் போட்டால் மிதக்கிற வண்டலெல்லாம் பனி பெய்த மாதிரி விழும்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதியுங்கள். பிறகு நுகர்வோர் ஆணையம்: 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, காலக்கெடு 2 ஆண்டு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று சீட்டில் அச்சடித்திருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. கையில் எஸ்டிமேட் மட்டும்தான் என்றால் ஜிபே பதிவு, வாட்ஸப் பேச்சு, பெட்டியின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், ‘புதியது, 18 மீட்டர் டைவிங்குக்கு’ என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். “மூணு மீட்டர்ல என்ன ஆயிடப் போவுது” என்றவர், பேனாவைக் கையில் எடுத்ததும் ஹவுசிங் விலையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.