ஏழு வருஷமா ஒரே கம்ப்யூட்டர், ஆறு டிஸ்க்: என் அனுபவம்

செங்கோட்டையில கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன், ஆர்டர்ல பாதி தென்காசி கடையநல்லூர் பக்கம், மீதி மலைக்கு அந்தப்பக்கம் ஆரியங்காவு புனலூர். 2018ல புனலூர் லைன் அகலப்பாதையாகி திரும்ப ரயில் விட்டாங்கல்ல, அந்த வருஷம் அசெம்பிள் பண்ணதுதான் இன்னைக்கும் ஓடுது. உள்ள ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (மதர்போர்டுல நேரா சொருகுற, சுத்தாத வேகமான சின்ன டிஸ்க்), மூணு 3.5 இஞ்ச் ஹார்ட் டிஸ்க், வெளிய ரெண்டு யூஎஸ்பி டிஸ்க். டிஸ்க் போச்சுனு நான் பதறுன தடவையெல்லாம் எண்ணிப் பாத்தா நிஜமாவே டிஸ்க் போனது ஒரே தடவைதான், மத்ததெல்லாம் மாட்டுன போர்ட், கேபிள், இல்லன்னா கரண்ட் பத்தாதது.

என்விஎம்இ நான் 2020லதான் வாங்கி மாட்டுனேன். ஆன் பண்ணா மூணாவது ஹார்ட் டிஸ்க்கைக் காணோம், விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற பயாஸ் செட்டிங்லயே இல்ல. அதுலதான் புனலூர் கல்யாணம் ஒண்ணு, தாலிகெட்டு மொத்தமும் வேற எங்கயும் காப்பி கிடையாது. எனக்கு கைகால் ஓடல. ஒரு கடையில கொண்டு போய் காட்டுனா டிஸ்க் டெட்டு, ரெக்கவரிக்கு அனுப்பணும்னு சொல்லிட்டாங்க. மனசு கேக்காம ராத்திரி உக்காந்து மதர்போர்டு மேனுவல படிச்சேன், அதுல சின்ன எழுத்துல போட்டிருக்கான், எம்.2 ஸ்லாட்ல, அதாவது என்விஎம்இ சொருகுற இடத்துல, கார்டு போட்டா சாட்டா (ஹார்ட் டிஸ்க் கேபிள் மாட்டுற போர்ட்) 5, 6 ரெண்டும் வேலை செய்யாதுன்னு, ஏன்னா அந்த ஸ்லாட்டுக்கும் இந்த போர்ட்டுக்கும் போற லைன் ஒண்ணுதான். அந்த டிஸ்க் கேபிள புடுங்கி 3வது போர்ட்ல குத்துனேன், டிஸ்க் வந்துருச்சு. எல்லா போர்டும் இப்படி இல்ல, ஆனா நெறைய போர்டுல இந்த பங்கு போடுற வேலை உண்டு, அதனால மாட்டுறதுக்கு முன்னாடி மேனுவல்ல அந்த ஒரு பக்கத்தையாவது பாத்துருங்க. சாட்டாவுக்கு முன்னாடி இருந்த பழைய ஐடிஇ காலத்துல ஒரே கேபிள்ல ரெண்டு டிஸ்க் வரும், ஜம்பர்னு சின்ன பின் மூடிய வச்சு எது மாஸ்டர் எது ஸ்லேவ்னு நாமதான் சொல்லணும், சாட்டாவுல ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க்னு அந்த தொல்லை போச்சு, ஆனா போர்ட் எதுங்கிறது இன்னும் முக்கியம்தான்.

அடுத்து கேபிள். காப்பி ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு நின்னு சிஸ்டமே உறைஞ்சிரும். ஸ்மார்ட் ரிப்போர்ட், அதாவது டிஸ்க் தன் உடம்பு நிலைய தானே குறிச்சு வைக்கிறது, அதை எடுத்துப் பாத்தா சி7, அதாவது 199வது வரி, சிஆர்சி எரர், எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல டேட்டா கெடுது, கேபிளப் பாருன்னு அர்த்தம். கேபிள மாத்துனேன், பழைய எண்ணிக்கை அழியாது, ஆனா அதோட ஏறுறது நின்னுருச்சு. 05வது வரி, ரீஅலோகேட்டட் செக்டார், அதாவது கெட்டுப்போய் டிஸ்க் ஒதுக்கி வச்ச இடங்களோட எண்ணிக்கை, அது ஏறுனா மட்டும் விளையாடாதீங்க, உடனே காப்பி எடுத்துருங்க. எனக்கு உண்மையில போன அந்த ஒரு டிஸ்க் அப்படித்தான் முன்கூட்டியே சொல்லிட்டு போச்சு.

வெளி டிஸ்க் ரெண்டும் 2.5 இஞ்ச், தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பி கரண்ட்லதான் சுத்தணும். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900. கேபினெட் முன்பக்க போர்ட்ல குத்துனா டிக் டிக்னு சத்தம் வந்து கனெக்‌ஷன் துண்டாயிரும், பின்னாடி மதர்போர்டுலயே இருக்குற நீல 3.0 போர்ட்ல குத்துனதுல இருந்து ஒரு தடவை கூட இல்ல. வேகமும் அப்படித்தான், 200 ஜிபி 2.0ல ஒன்றரை மணி நேரம் தாண்டும், 3.0ல அரை மணி நேரத்துல முடிஞ்சிருது.

4 டிபி டிஸ்க் போடுறவங்க ஜிபிடிங்கிற புது முறையில பார்ட்டிஷன் பண்ணுங்க, பழைய எம்பிஆர் முறையில 2 டிபிக்கு மேல தெரியாது. அப்புறம் டிரைவ் லெட்டர், விண்டோஸ் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் குடுக்குற எழுத்து. வெளி டிஸ்க் ஒரு நாள் ஈ, மறுநாள் எஃப்னு வந்தா எடிட்டிங் ப்ராஜெக்ட்ல கிளிப் எல்லாம் இருக்குற இடம் தெரியாம ஆஃப்லைன்னு நிக்கும். விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் ஒண்ணுக்கு டபிள்யூ, இன்னொண்ணுக்கு எக்ஸ்னு கடைசி எழுத்தா குடுத்தேன். அதே எழுத்த டிஸ்க் மேலயும் மார்க்கர்ல எழுதியிருக்கேன். எக்ஸ் காப்பிக்கு மட்டும், வேலை முடிஞ்சதும் தென்மலையில அக்கா வீட்டுக்குப் போயிரும்.