வெள்ளீயமா, பிளாஸ்டிக்கா? சின்ன மினியேச்சர் கம்பெனிகளுக்கு எது தாங்கும்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கம், மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான 28 மில்லிமீட்டர் அளவு வீரர் பொம்மைகளை, அதாவது மினியேச்சர்களைச் செய்யும் சின்னக் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. எதில் வார்ப்பது என்பதிலேயே அவர்களின் பிழைப்பு அடங்கியிருக்கிறது.

வெள்ளீயக் கலவைக்கு வட்டமான ரப்பர் அச்சு போதும். அதைச் சுழலவிட்டு நடுத்துளையில் உருக்கி ஊற்றினால், சுழலும் வேகத்தில் கலவை ஓடிப்போய் வாளின் நுனி வரை நிரம்பிவிடும். அச்சு மலிவு, பத்துப் பேர் கேட்டால் பத்து மட்டும் வார்க்கலாம், சரியாக வராததைத் திரும்ப உருக்கலாம். ஆனால் ரப்பர் சூட்டில் சீக்கிரம் தேயும், வெள்ளீய விலை ஏறினால் லாபம் போச்சு, அப்புறம் எடை கூடக்கூட தபால் செலவும் கூடும்.

பிளாஸ்டிக் அப்படியே தலைகீழ். உலோக அச்சுக்கு முன்பணமே ஆயிரக்கணக்கான பவுண்டுகள், விற்காவிட்டால் அத்தனையும் முடங்கிவிடும்; விற்றால் பெட்டி பெட்டியாக மலிவாகத் தள்ளலாம்.

பெர்ரி மினியேச்சர்ஸ் என்ற கம்பெனி இரண்டையும் கலந்து செய்கிறது: பெரும்பாலும் கூட்டமாக நிற்கும் சிப்பாய்கள் பிளாஸ்டிக்கில், தளபதிகள் வெள்ளீயக் கலவையில். புதிதாகத் தொடங்குபவர் வெள்ளீயத்தையே பிடிக்க வேண்டும் என்பேன், கடன் வாங்கி உலோக அச்சு செய்யவே கூடாது.