முன்கதவு ஸ்பீக்கர்: காம்போனென்ட்டா, கோஆக்சியலா?

காருடன் வந்த ஸ்பீக்கர்களை மாற்ற முடிவு செய்பவருக்கு முதலில் எழும் கேள்வி இதுதான். கோஆக்சியலில் தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரின் நடுவிலேயே, உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ட்வீட்டரும் இருக்கும். பழைய ஸ்பீக்கர் இருந்த இடத்தில் அப்படியே பொருந்திவிடும். காம்போனென்ட் செட்டில் வூஃபர் தனி, ட்வீட்டர் தனி, இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் தனி. என் ஹேட்ச்பேக்கின் முன்கதவுகளுக்கு நான் 6.5 அங்குலக் காம்போனென்ட் செட்டையே தேர்ந்தெடுத்தேன். அந்தச் சாய்வுடன்தான் இதை எழுதுகிறேன்.

விலை குறைவு, வேலை சுலபம் என்ற இரண்டிலும் கோஆக்சியலே முந்தும். வண்டியின் கப்ளருக்கு (ஒயர் இணைப்பானுக்கு) ஏற்ற அடாப்டர் கிடைத்தால் ஒயரை வெட்டவும் வேண்டியதில்லை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது ட்வீட்டர் அமரும் இடம். ஒலியின் அதிர்வெண் கூடக் கூட அதன் அலைநீளம் குறைகிறது. 3,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 11 சென்டிமீட்டராக இருப்பது 10,000 ஹெர்ட்ஸில் மூன்றரை சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. நீண்ட அலைகள் தடைகளைச் சுற்றி வளைந்து வரும். குறுகிய அலைகளோ நேராகச் சென்று, எதிர்ப்படும் காலிலும் இருக்கைத் துணியிலும் அடங்கிவிடும். கதவின் அடிப்பகுதியில் இருக்கும் கோஆக்சியலின் ட்வீட்டர் ஓட்டுநரின் முழங்காலுக்குக் கீழே ஒலிக்கிறது என்பதால், பாடகரின் குரல் காலடியிலிருந்து வருவது போலவும், மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் மழுங்கியும் கேட்கின்றன. ஸ்டீரியோவில் டிரெபிளை, அதாவது உயர்ந்த ஒலிகளின் அளவைக் கூட்டினால் கூர்மை கூடுமே தவிர, குரல் மேலே ஏறி வராது.

காம்போனென்ட்டில் அந்த ட்வீட்டரைப் பக்கக் கண்ணாடிக்கு உட்புறம் உள்ள முக்கோணப் பகுதியில், காதின் உயரத்துக்கு அருகே பொருத்த முடிகிறது. அதை நேராக என் காதை நோக்கித் திருப்பாமல், இரண்டு முன் இருக்கைகளுக்கும் இடைப்பட்ட இடத்தை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தபோது, குரல் டாஷ்போர்டின் மேலே வந்து நின்றது. டாஷ்போர்டின் மூலையில் முன்கண்ணாடியைப் பார்த்தவாறு வைப்பவர்களும் உண்டு. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலியால் நாதஸ்வரமும் ஜால்ராவும் சற்றுக் காரமாகிவிடுவதால், அது எனக்கு உவப்பாக இல்லை. பல கிராஸ்ஓவர்களில் ட்வீட்டரின் அளவை மட்டும் 3 டெசிபல் குறைக்கும் வசதி இருக்கிறது. வாங்கும்போது அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. முன்கண்ணாடியின் பக்கத் தூணான ஏ-பில்லரில் பொருத்தலாம் என்று கடைக்காரர் சொன்னால், அந்த வண்டியில் பக்கவாட்டில் திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். உண்டெனில் பில்லர் மூடியைத் தொடவே கூடாது.

இந்த நன்மைக்கு உழைப்பு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மழைநீர் ஜன்னல் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறுவது கார்களின் இயல்பான அமைப்பு. ஆகவே கிராஸ்ஓவரைக் கதவுக்குள் வைக்காமல் டாஷ்போர்டுக்குக் கீழே உட்புறமாக வைப்பதே சரி. அப்படி வைத்தால், ட்வீட்டருக்கான தனி ஒயரைக் கதவுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் வழியாக நுழைக்க வேண்டும். சில கார்களில் அங்கே குழாய்க்குப் பதிலாகப் பிளக் இருப்பதால் வேலை இன்னும் கடினமாகும். கார் துணைப்பொருள் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோடு போன்ற இடங்களில் வேலையைக் கொடுப்பவர்கள், ஒயர் எந்த வழியாகப் போகும் என்பதை கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்றுவதற்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது.

எதை வாங்கினாலும் கதவைச் சீராக்காமல் பாஸ் (தாழ்ந்த ஒலி) வராது. உள்தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகள் வழியாக வூஃபரின் பின்புற ஒலி முன்புற ஒலியோடு கலந்து அதை அழித்துவிடும் என்பதால், அவற்றை மூடி, வெளித்தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்ட வேண்டும். அடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையம் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையாக இருந்தால் ஈரத்தில் ஊதிவிடும். பிளாஸ்டிக் வளையமே மேல். ஜன்னலை முழுவதும் இறக்கிப் பார்த்து, கண்ணாடி காந்தத்தில் இடிக்கிறதா என்று சோதித்த பிறகே டோர் பேடை மாட்ட வேண்டும்.

ஸ்டீரியோவின் முகப்பில் 50 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், தொடர்ச்சியாக ஒரு ஸ்பீக்கருக்கு அது தருவது பெரும்பாலும் 15 முதல் 20 வாட்தான். எனவே சக்தியைக் கூட்டும் தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் ஓட்ட நினைப்பவர்கள் சென்சிட்டிவிட்டி (குறிப்பிட்ட சக்திக்கு எவ்வளவு ஒலி எழும் என்ற அளவு) 90 டெசிபலை ஒட்டியுள்ள செட்டைத் தேடலாம். 3 டெசிபல் குறைந்தால் அதே ஒலிக்கு இரு மடங்கு சக்தி தேவைப்படும். நான் ஸ்டீரியோவின் சக்தியிலேயே ஓட்டுகிறேன். ஆம்ப்ளிஃபையருடன் காம்போனென்ட் ஒலிப்பதை ஒரு நண்பரின் காரில் மட்டுமே கேட்டிருக்கிறேன். பாஸ் இறுக்கமாக இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது.

பின்கதவுகளுக்கு இவ்வளவும் தேவையில்லை. அங்கே கோஆக்சியல் தாராளமாகப் போதும். முன்னால் மட்டுமே அமர்ந்து பயணிப்பவர்கள் பின்னால் பழைய ஸ்பீக்கரையே விட்டுவைத்து, அந்தப் பணத்தை முன்கதவுகளின் டேம்பிங்கில் போடலாம்.