புதுக்குடியிருப்பில் போட் ட்ரெயிலருக்குச் சில்லுப் பெயாரிங் மாற்றிய அனுபவம்

ஒன்பது மாதத்தில் மூன்று தடவை என் போட் ட்ரெயிலரின் இடப்பக்கச் சில்லுக்குப் பெயாரிங் மாற்றினேன். மூன்றாவது தடவை போன வருடம் ஐப்பசியில், புதுக்குடியிருப்பில் ஒரு பட்டறையில். அதற்குப் பிறகு இன்றுவரை மாற்ற வேண்டி வரவில்லை. அதனால்தான் மினக்கெட்டு இதை எழுதுகிறேன்.

என்னுடையது 18 அடி பைபர் போட், 25 குதிரைவலு எஞ்சின். வாடைக்காற்று எழும்பி முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் ட்ரெயிலரில் ஏற்றி மேற்குக் கரையில் உள்ள நாச்சிக்குடாவில் மச்சானுடைய மீன்வாடிக்குக் கொண்டுபோய்விடுவேன், பங்குனியில் திரும்பக் கொண்டுவருவேன். பரந்தன் போய்ப் பூநகரியால் சுற்ற வேண்டும், நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட ஓட்டம். அங்கேயும் இங்கேயும் தண்ணீருக்குள் இறக்கி ஏற்றுவதும் இதே ட்ரெயிலரில்தான்.

அந்த ஐப்பசியில் விசுவமடு தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பொடியன் ஹோர்ன் அடித்து அடித்து முன்னுக்கு வந்து, "அண்ணை, இடப்பக்கச் சில்லால புகை வருது" என்றான். இறங்கிப் பார்த்தால் சில்லின் நடுவில் பெயாரிங் இருக்கிற ஹப்பில் கை வைக்க முடியவில்லை, சில்லு சரிந்து நிற்கிறது, கிறீஸ் கரிந்த மணம். அந்தப் பெயாரிங் போட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை. முந்தி மாற்றிய இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே புது ரோலர் பகுதியை மட்டும் போட்டு, ரோலர் உருளுகிற வெளி வளையமான கப்பைப் பழையதாகவே விட்டிருக்கிறார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரியும். தேய்ந்த கப்பில் புது ரோலர் ஓடினால் அதுவும் கெதியாகத் தேய்ந்துவிடும்.

போட்டை வேறொருவரின் ட்ரக்டர் பெட்டியில் மாற்றி அனுப்பிவிட்டு, ட்ரெயிலரை லொறியில் போட்டுப் புதுக்குடியிருப்புக்குக் கொண்டுவந்தேன். பட்டறை என்றால் பாலை மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, பெயர்ப்பலகை இல்லை. ட்ரக்டர், லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம், இவற்றின் வேலைதான் அங்கே அதிகம், போட் ட்ரெயிலர் எப்போதாவது ஒன்று வரும். நடத்துகிற அண்ணைக்கு ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் கதைக்க மாட்டார்.

ஹப்பைக் கழற்றியதும் அவர் பெயாரிங்கைப் பார்க்கவில்லை. தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற ரப்பர் வளையமான பின்பக்கச் சீலைக் கிளப்பி எடுத்து, உள்ளே இருந்ததை விரலால் வழித்து என் முன்னால் நீட்டினார். பால் தேத்தண்ணி நிறம். "இது கிறீஸ் இல்லை தம்பி, கடல்" என்றார். பிறகு அச்சைத் துணியால் துடைத்து, சீல் உட்காருகிற இடத்தில் நகத்தை வைத்து நெடுக இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்தேன். ஓரிடத்தில் நகம் விழுந்து எழும்பியது. சீலின் உதடு உரசி உரசி வெட்டிய பள்ளம், அதற்குள் உப்புத்துருப் பிடித்துக் குழி குழியாக இருந்தது. அந்தப் பள்ளத்தின் மேல் எத்தனை புதுச் சீல் போட்டாலும் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும், தண்ணீர் போனால் எந்த நாட்டுப் பெயாரிங்கும் நிற்காது. இவ்வளவு காலமும் நான் பெயாரிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

இன்னொன்றும் கேட்டார்: ஓடிப் போனவுடனே தண்ணீருக்குள் விடுகிறனியோ? ஓம், அதுதான் என் வழக்கம். ஓட்டத்தில் ஹப் சூடாகி உள்ளே இருக்கிற காற்று விரியும், அந்தச் சூட்டோடு இறக்கினால் சட்டென்று குளிர்ந்து காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும், சீல் சரியில்லாவிட்டால் உறிஞ்சுவது உப்புத்தண்ணீரைத்தான். இப்போது போய்ச் சேர்ந்ததும் அரை மணித்தியாலமாவது ஆறவிட்டுத்தான் இறக்குகிறேன்.

அச்சைக் கழற்றிக் கிளிநொச்சியில் லேத்துக்கு அனுப்பி, பள்ளம் விழுந்த இடத்தை மெல்லிதாகக் கடைந்து, துருப்பிடிக்காத உருக்கு வளையம் ஒன்றை அதன் மேல் இறுக்கிப் போட்டு எடுத்தார். பழைய அளவிலேயே முடித்ததால் சீல் அளவு மாறவில்லை. பெயாரிங் எல் 44649, கப் எல் 44610, இரண்டும் சோடியாகத்தான் போடுவேன் என்று நின்றார். ஜப்பான் கோயோ போட்டது. சீல் இரட்டை உதடு, உள்ளே சுருள் கம்பி உள்ளது. அதைச் சுத்தியலால் நேரே அடிக்காமல் மரக்கட்டை வைத்துச் சுற்றிவர மெதுவாகத் தட்டி இறக்கினார், ஒரு பக்கம் சரிந்தால் அன்றைக்கே ஒழுகத் தொடங்கும் என்று.

கிறீஸ் வைத்த விதம்தான் எனக்கு நன்றாகப் பிடித்தது. கிறீஸ் வகை மாறுவதால், இரண்டு வகை கலந்தால் சில வேளை இளகி ஓடிவிடும் என்று ஹப்பில் பழையது கொஞ்சமும் மிச்சமில்லாமல் மண்ணெண்ணெயால் கழுவினார். மண்ணெண்ணெய் 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய நாளிலிருந்து நாங்கள் எல்லாரும் துளித்துளியாகப் பார்க்கிற சாமான் அது, அவர் அதில் மிச்சம் பிடிக்கவில்லை. பிறகு உள்ளங்கையில் மரைன் கிறீஸை வைத்து, பெயாரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் குத்திக் குத்தி, மற்றப் பக்கத்தால் புழுப்புழுவாகப் பிதுங்கும்வரை நிரப்பினார். ஒவ்வொரு பெயாரிங்குக்கும் பத்து நிமிடம் போனது. நட்டைச் சில்லு சுற்றிக்கொண்டே இறுக்கி, திரும்பத் தளர்த்தி, விரலால் மட்டும் முட்டவிட்டு, நட்டு கழலாமல் பிடிக்கிற ஸ்பிளிட் பின்னும் புதிதாகப் போட்டார். பழைய பின்னை வளைத்துப் போட அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

கனடாவிலிருந்து தங்கச்சி அனுப்பிய சுருள் வைத்த கிறீஸ் மூடிகள் இரண்டு என்னிடம் இருந்தன, அவற்றையும் பூட்டித் தந்தார். ஹப்புக்குள் எப்போதும் சின்ன அழுத்தம் இருக்கச் செய்து தண்ணீரை வெளியே நிறுத்துகிற சாமான் அது. ஆனால் உள்தட்டு 3 மில்லிமீற்றர் அளவு வெளியே வந்ததும் பம்ப் அடிப்பதை நிறுத்த வேண்டும், ஆசைக்கு அடித்தால் பின்சீல் பிதுங்கிவிடும்.

குறைகளும் இருக்கின்றன. மூன்று நாள் என்றார், எட்டு நாள் ஆனது, லேத்தில் தாமதமாம். போன் எடுத்தால் பதில் இல்லை, நேரே போய்த்தான் கேட்க வேண்டும். வாடை தொடங்கிவிட்ட நேரத்தில் எட்டு நாள் என்பது எட்டு நாள் உழைப்பு, அதை அவர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பில்லும் தருவதில்லை. கூலி இரண்டு சில்லுக்கும் 4,000 ரூபா, லேத்துக்கு 6,000, சாமான் காசு வேறு. செய்த வேலைக்கு அது நியாயம்.

பங்குனியில் திரும்பி வந்ததும் நானே ஜக் அடித்து இடப்பக்க ஹப்பைத் திறந்தேன். வைத்த நீலக் கிறீஸ் நீலமாகவே இருந்தது. அப்போது இழுத்த சீலைத் திரும்பப் போடக்கூடாது என்பதால் அவரிடமே போய்ப் புதுச் சீல் வாங்கிப் போட்டேன். இந்த ஐப்பசியில் மறுபடி போகும்போது பரந்தனில் நிறுத்தி இரண்டு ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு, இரண்டும் ஒரே அளவு.

போகிற ஆட்கள் ஆவணி புரட்டாதியிலேயே போங்கள், ஐப்பசியில் விதைப்புக்கு ட்ரக்டர் எல்லாம் அவர் வாசலில் நிற்கும். ஞாயிறு பூட்டு. பழைய சீலையும் பெயாரிங்கையும் எறிந்துவிடாமல் கையோடு கொண்டுபோங்கள், அளவு எடுக்க அவர் முதலில் கேட்பது அதைத்தான்.