“புது ஹார்ட் டிஸ்க்” என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் கொம்பியூட்டர் திருத்தக் கொடுக்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. அந்த ஒரு கடையில் மட்டும்தான் இப்படி நடக்கிறது என்றும் நான் நினைக்கவில்லை.

எங்கள் வீட்டு கொம்பியூட்டரில் ஒரு வேர்ட் ஃபைலைக் கிளிக் செய்தால், அது திறப்பதற்குள் தேநீர் ஊற்றிக் குடித்துவிடலாம். மகளின் உயர்தர வினாத்தாள் பிடிஎஃப்கள் இன்னும் மோசம். கடைக்குக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், “அண்ணே, ஹார்ட் டிஸ்க் போகப்போகுது. இப்ப மாத்தாட்டி உள்ள இருக்கிற எல்லாம் போயிரும்” என்றார்கள். அந்த “எல்லாம் போயிரும்” என்ற பேச்சில்தான் வியாபாரமே நடக்கிறது. பிள்ளைகளின் படங்கள் உள்ளே கிடக்கும்போது யார் மறுத்துப் பேசுவது?

புது டிஸ்க், பழையதில் இருந்ததை அப்படியே கொப்பி செய்த கூலி எல்லாம் சேர்த்து 24,000 ரூபா. கையில் தந்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் “சர்விஸ்” என்ற சொல்லும் தொகையும் மட்டும்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் அதே ஆமை வேகம்.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பிதான் உட்கார்ந்து பார்த்தார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் எந்த மென்பொருள் கொம்பியூட்டரை எவ்வளவு பாவிக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வந்தது. டிஸ்க் பாவனை 100 சதவீதம். அதைத் தின்றுகொண்டிருந்தவை இரண்டு அன்டிவைரஸ்கள். எந்த ஃபைலைத் திறந்தாலும் இரண்டும் தனித்தனியாக அதைச் சோதிக்குமாம். இரண்டாவதைப் போட்டுத் தந்ததே அதே கடைதான், முன்பு ஒருமுறை கொடுத்தபோது! அதை நீக்கியதும் ஃபைல்கள் ஒழுங்காகத் திறந்தன.

அப்புறம் தம்பி கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். “புது” டிஸ்க் ஓடிய நேரம் 19,000 மணித்தியாலத்துக்கு மேல். இரவு பகல் நிறுத்தாமல் ஓடியிருந்தாலும் இரண்டு வருடம் தாண்டும். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மட்டும் பளபளவென்று புதுசு. பாவித்த டிஸ்க்காக இருந்தாலும் டிஸ்க்கின் நிலை என்ற இடத்தில் நீல நிறத்தில் “குட்” என்று காட்டலாம், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வலப்பக்கத்தில் “பவர் ஒன் அவர்ஸ்” என்று ஒரு கணக்கு இருக்கும். பார்க்கவேண்டியது அதைத்தான்.

போய்க் கேட்டேன். “செக் பண்ணுறதுக்கு ஓடவிட்டது அண்ணே” என்றார்கள். இரண்டு வருடமாகவா? பழைய டிஸ்க்கைக் குப்பையில் போட்டாச்சாம். குடும்பத்தில் எல்லோருடைய அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தோம். காசைவிட அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கொடுக்கும் முன் டிஸ்க், ரெம் (தற்காலிக நினைவகம்) இரண்டின் சீரியல் இலக்கங்களையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். பற்றுச்சீட்டில் புதுப் பாகத்தின் சீரியல் இலக்கமும் உத்தரவாதக் காலமும் இருக்கட்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும். அதிகாரசபையின் துரித இலக்கம் 1977. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த மணிக்கணக்கு தெரியும் திரையைப் படம் எடுத்து, துண்டுச்சீட்டோடு சேர்த்து நான் அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.