'மே'யா 'லைக்லி டு'வா: ரிஸ்க் ரிப்போர்ட்டுக்கு எது சரிப்படும்

ப்ராஜெக்ட் ரிஸ்க் ரிப்போர்ட் எழுதறதுதான் என் வேலைல பாதி. அதுல எல்லாமே "இப்படி ஆனா அடுத்து என்ன ஆகும்" கதைதான், அதை இங்கிலீஷ்ல சொல்ல 'வில்', 'மே', 'குட்', 'லைக்லி டு'னு எல்லாத்தையும் எழுதிப் பாத்துட்டேன். இப்போ என் சாய்ஸ் 'லைக்லி டு'.

'வில்' பத்தி பெருசா பேச ஒண்ணுமில்ல, உறுதியா தெரிஞ்சா மட்டும் போடலாம். 'பவுண்ட் டு'வும் ஏறக்குறைய அதேதான்.

'மே', 'மைட்', 'குட்' மூணும் எழுத சுலபம், பின்னாடி வெர்பை அப்படியே வச்சா போதும், 'திஸ் மே லீட் டு டிலேஸ்', முடிஞ்சுது. ஆனா 5% சான்ஸ் இருந்தாலும் 'மே'தான், 60% இருந்தாலும் 'மே'தான். இதுல 'மே நாட்' வேற இருக்கு. 'வெண்டர்ஸ் மே நாட் டெலிவர் ஆன் சண்டேஸ்'னு எழுதினா, ஞாயித்துக்கிழமை சரக்கு வராம போகலாம்னு எடுத்துக்கறதா இல்ல கொண்டு வரவே கூடாதுன்னு எடுத்துக்கறதா?

படிக்கிறவங்க மனசுல எவ்வளவு பதியுதுங்கறதுதான் இங்க முக்கியம். 1951ல யூகோஸ்லாவியா மேல சோவியத் பக்கம் படையெடுக்குமான்னு அமெரிக்க உளவுத்துறை ஒரு மதிப்பீடு எழுதிச்சு, அதுல 'சீரியஸ் பாசிபிலிட்டி'ன்னு போட்டிருந்தாங்க. அதுக்குப் பொறுப்பா இருந்தவங்கள்ல ஒருத்தர் ஷெர்மன் கென்ட், அவர் மனசுல இருந்தது 65%. கூட உக்காந்து அதே வரிக்கு ஒத்துக்கிட்டவங்களைக் கேட்டா ஒருத்தர் 20%ங்கறார், இன்னொருத்தர் 80%ங்கறார்! எழுதினவங்களுக்குள்ளயே இப்படின்னா படிக்கிறவர் என்ன செய்வார்.

ஐபிசிசின்னு ஐ.நா.வோட பருவநிலை விஞ்ஞானக் குழு ஒண்ணு இருக்கு, அவங்க அறிக்கைகள்ல இதுக்கு ஒரு அளவே வச்சிருக்காங்க. 'லைக்லி'ன்னா 66%லேர்ந்து 100%, 'வெரி லைக்லி'ன்னா 90%க்கு மேல, 'அன்லைக்லி'ன்னா 33%க்குக் கீழ. நானும் ரிப்போர்ட் முதல் பக்கத்துலயே இந்த மாதிரி ஒரு சின்ன டேபிள் போட்டுடறேன். இதோட பெரிய பலன் அடுத்த மாசம் அப்டேட் பண்றப்போதான் தெரியும், போன மாசம் 'அன்லைக்லி டு ஸ்லிப்'னு (அதாவது தேதி தள்ளிப்போக வாய்ப்பு கம்மின்னு) இருந்தது இந்த மாசம் 'லைக்லி டு ஸ்லிப்'னு மாறினா மேனேஜர் கண்ணு நேரா அங்கதான் போகும். 'மே ஸ்லிப்'னு எழுதியிருந்தா ரிஸ்க் ரெண்டு மடங்கானாலும் அந்த வரி அப்படியே இருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கணும், முன்னாடி 'இஸ்', 'ஆர்' விட்டுடக் கூடாது. 'காஸ்ட்ஸ் லைக்லி டு ரைஸ்' நியூஸ் தலைப்புக்கு சரி, ரிப்போர்ட்ல 'காஸ்ட்ஸ் ஆர் லைக்லி டு ரைஸ்'.

'மே' வேண்டவே வேண்டாம்னு சொல்லல. மருந்து அட்டைல 'மே காஸ் ட்ரௌசினஸ்'னு இருக்கறது சரிதான், தூக்கம் வர வாய்ப்பிருக்குன்னு எச்சரிச்சா போதும், எத்தனை பேருக்குன்னு அந்த ஒரு வரி சொல்ல வேண்டியதில்ல. நம்பர் கையில இல்லாத ஆரம்ப கட்டத்துல நானும் 'மே'தான் போடறேன், தெரியாததை 'லைக்லி'ன்னு எழுதறது பொய் சொல்ற மாதிரி. கான்ட்ராக்ட் டாகுமென்ட்ல எனக்கு அனுபவம் கம்மி, அங்க 'மே'ங்கறது பெரும்பாலும் உரிமையைக் குறிக்கும், அதனால அதை வக்கீல்கிட்ட விட்டுடுங்க.