எழும்பூரா, முட்டுக்காடா, பக்கத்து வள மையமா?

மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு சென்னையில் அரசுச் செலவில் தெரபி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த இடம் பெஸ்ட்?" வாரத்தில் எத்தனை நாள் உங்களால் போய்வர முடியும் என்று நான் திருப்பிக் கேட்பேன். தெரபிக்குத் தொடர்ச்சிதான் உயிர்.

எழும்பூர் ஹால்ஸ் ரோட்டில் இருக்கும் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, என்ன பிரச்சினை என்று கண்டுபிடிக்கிற இடம். அதில் அதற்கு ஈடில்லை. பேச்சு தாமதம் என்றாலே முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான பெரா டெஸ்ட் எடுக்காமல் ஸ்பீச் தெரபி தொடங்குவது இருட்டில் தடவுவதுதான். வலிப்பு சந்தேகம் இருந்தால் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி., அதற்கான நரம்பியல் டாக்டர் என்று மருத்துவப் பக்கம் முழுவதும் ஓர் ஆஸ்பத்திரியோடு முடியும். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு, 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற பிள்ளைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில், வளர்ச்சி தாமதம் உள்ள பிள்ளைகளை டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பகாலச் சிகிச்சை மையத்துக்குச் சீட்டு எழுதி அனுப்பும். ஆனால் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து குவியும் ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளைக்கு வாராவாரம் நிதானமாக நேரம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முட்டுக்காட்டில் 2005-ல் வந்த பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம், பேச்சுவழக்கில் நிப்மெட், வேறு ரகம். பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று தனி ஆரம்பகால மையமும் 2021 ஜூனில் அங்கே திறந்தார்கள். ஸ்பீச், அன்றாட வேலைகளைப் பழக்கும் ஓ.டி., பிசியோ, சைக்காலஜிஸ்ட், சிறப்பு ஆசிரியர் எல்லாம் ஒரே வளாகம். இந்தப் படிப்புகளையும் அங்கேயே நடத்துவதால் பயிற்சி மாணவர்களும் பிள்ளையோடு உட்காரலாம். மேற்பார்வை இருக்கும் வரை அதைக் குறையாக நினைக்காதீர்கள். எனக்குப் பிடித்தது, இந்த மாதிரி இடங்களில் அம்மாவுக்கும் சொல்லித்தருவது. சோப்பு நுரை பாட்டிலை இறுக மூடி பிள்ளை கையில் கொடுப்பார்கள். அவன் திருகிப் பார்ப்பான், முடியாது. அம்மா உடனே திறந்துவிடக் கூடாது. அவன் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும் வரை, "தொ" என்றாவது ஒரு சத்தம் வரும் வரை, வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பாட்டி இதைப் பார்த்தால் "பிள்ளையை ஏம்மா படுத்துற" என்பார், அது வேறு கதை. இது கைவந்துவிட்டால் வீட்டிலேயே பாதி வேலை நடக்கும்.

சிக்கல் தூரம்தான். திருவான்மியூரிலிருந்தே ஈ.சி.ஆரில் சுமார் 20 கிலோமீட்டர். வடசென்னைத் தண்டையார்பேட்டைக்காரருக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

மூன்றாவது, பலர் எட்டியே பார்க்காதது: அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவின் வட்டார வள மையம். பள்ளி வளாகத்தில் ஓர் அறை, பிசியோதெரபிஸ்ட், சிறப்பு ஆசிரியர், அவ்வளவுதான். ஸ்பீச் தெரபிஸ்ட் எப்போதும் இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். எந்தக் கிழமை யார் வருவார் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சிறப்பு ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள், ஆள் மாறினால் பயிற்சியும் தடைப்படும். இருந்தாலும் வீட்டுக்குப் பக்கம், பள்ளிச் சேர்க்கைக்கு வழி, நடக்கவே முடியாத பிள்ளையென்றால் வீட்டுக்கே வந்து பயிற்சி. பெருமூளை வாதமுள்ள பிள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். கூடவே கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் ஒருமுறை காட்டுங்கள். உலக வங்கி உதவியோடு வரும் மாற்றுத்திறனாளிகள் துறையின் 'விழுதுகள்' மையம் உங்கள் பக்கம் இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

பேச்சு தாமதமும் ஆட்டிசம் சந்தேகமும் என்றால் எழும்பூரில் பரிசோதனை, முட்டுக்காட்டில் முழு மதிப்பீடும் பெற்றோர் பயிற்சியும், வாராந்தரப் பயிற்சி வீட்டருகே. ஐந்து வயது தாண்டியிருந்தால் முட்டுக்காட்டை முதலில் வையுங்கள், அங்குள்ள ஆரம்பகால மையத்தின் ஆறு வயது வரம்பு நெருங்குகிறது. எல்லா ரிப்போர்ட்டையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் போடுங்கள். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், தகுதி இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் அதே ஃபைல்தான்.